புகை விலகினால்

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். இந்த இடத்துல தண்ணி நிக்குமா?"

வானிலை ஆய்வு மையத்தின் கம்ப்யூட்டர் அறையில் ஏசியைச் சரிசெய்துவிட்டு வந்த மெக்கானிக், நான்காக மடித்திருந்த மனை வரைபடத்தை அந்தப் பெண் விஞ்ஞானியின் மேசைமேல் விரித்தார். மூலை மனை ஒன்றைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

அவள் அதையே சற்று நேரம் பார்த்தாள்.

"இதையா வாங்கப் போறீங்க?"

"ஆமா மேடம், சாயங்காலம் அட்வான்ஸ். அம்மாவால மூணு மாடி ஏற முடியல. தரையோட ரெண்டு ரூம் கட்டிட்டாப் போதும். முப்பது வருஷமா அங்க கணுக்கால் தண்ணிகூட நின்னதில்லன்னு புரோக்கர் அடிச்சுச் சொல்றாரு."

"அவர் சொல்றது பொய்யில்ல."

"அப்பாடா!"

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. கணவர்.

"இன்னைக்கு முடிஞ்சிடும்ல?"

"தெரியலைங்க. அப்புறம் பேசறேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையை மெக்கானிக் பக்கம் திருப்பினாள்.

"முப்பது வருஷமா மழை ஏன் குறைஞ்சுது தெரியுமா? ஆலைப் புகை. அதுல இருக்கிற தூசு வெயிலை மறைச்சிடுது. தரை சூடேறலன்னா கடல்லேர்ந்து ஈரக்காத்தை இழுக்காது. பருவமழை நோஞ்சானாப் போயிடும்."

"அதான் இப்ப எல்லா ஆலைக்கும் வடிகட்டி மாட்டச் சொல்லிட்டாங்களே. நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது. மழை திரும்பி வரும். புகையோட ஒரு கணக்கு, புகை இல்லாம ஒரு கணக்குன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தோம். புகை போயிட்டா, அடைமழை நாள்ல இந்தப் பள்ளத்துல..." எழுந்து நின்று, இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள்.

மெக்கானிக் வரைபடத்தின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். "கணக்கு தப்பாப் போகாதா மேடம்?"

"போகலாம். பன்னிரண்டு தடவை ஓட்டினோம். ஒன்பது தடவை தண்ணி நின்னுச்சு."

"அம்மாவைக் கட்டில்லேர்ந்து எழுப்பவே ரெண்டு ஆள் வேணும்..." அவர் குரல் இறங்கியது. "விக்கிறவருக்கு இது தெரியுமா?"

"விலை பேசினப்பத் தெரிஞ்சிருக்காது. முடிவு வந்தே ஒரு வாரம்தான் ஆகுது."

"இப்பத் தெரிஞ்சாலும் வாயைத் திறப்பாரா மேடம்? கமுக்கமாத் தள்ளிவிடத்தான் பார்ப்பாரு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடித்தும் உடனே மாட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க அட்வான்ஸ் குடுக்காதீங்க. மேட்டுப் பக்கமாப் பாருங்க. பத்து நாள் லேட்டானாலும் பரவாயில்ல."

"நல்லவேளை, வாய்விட்டுக் கேட்டேன். குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க." வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவர் கிளம்பினார். தாழ்வாரத்தை அவர் தாண்டுவதற்குள்ளேயே, போனில் புரோக்கரைப் பிடித்துச் சத்தம் போடுவது அவள் காதில் விழுந்தது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவளுடைய கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

"மேடம், காரியம் கெட்டுப்போச்சு!" என்றார் புரோக்கர். "ரெண்டு வருஷம் கழிச்சு உங்க மனைக்கு ஒரு பார்ட்டி அமைஞ்சுது. அவரை யாரோ ஒரு மேதாவி கலைச்சு விட்டுட்டாங்க!"

"அந்த மேதாவி நான்தான்," என்றாள் அவள். "இனிமே என் மனையை யாருக்கும் காட்டாதீங்க."