இருபதுக்கு ஏழு

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க லலிதா. மேடம்னு சொன்னாப் போதும்."

ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு சுலைஹா இதைச் சொன்னபோது, லலிதா டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே அரிசிம்பருப்பு சாதம். அதில் பாதி சுலைஹாவுக்கு, ஆறு வருஷமாக அப்படித்தான்.

சிஞ்ச்வட்டில் இருந்த அந்தப் பள்ளியில் சுலைஹா ஆங்கிலத் துறைத் தலைவி. அவளுக்குக் கீழே நான்கு ஆசிரியைகள், தமிழ் பேசக் கிடைத்தது லலிதா ஒருத்திதான். மேலப்பாளையத்துக்காரியும் கோயம்புத்தூர்க்காரியும் பூனாவில் வந்து அக்கா தங்கையானது இப்படித்தான்.

"ஏனுங்க்கா, என்னாச்சு?"

"ஹுதாவுக்கு இருபதுக்கு ஏழு. இப்பதான் மார்க் லிஸ்டுல பாக்கேன். எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

சொந்தப் பிள்ளையின் தாளை ஆசிரியர் திருத்தக்கூடாது என்பது பள்ளியின் விதி. ஒன்பதாம் வகுப்புக்கு மகள் ஹுதா வந்ததும், அந்த வகுப்பை சுலைஹா வேறு யாரையும் நம்பாமல் லலிதாவிடம் கொடுத்திருந்தாள். இந்தக் கட்டுரையில் பதினைந்துக்கு மேல் வாங்குகிறவர்களில் ஒருவர்தான் பள்ளி ஆண்டு மலருக்கு மாணவர் ஆசிரியர். ஹுதா இரண்டு வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

லலிதா டப்பாவை மூடினாள். "அந்த மார்க்கை என்னால மாத்த முடியாதுங்க்கா."

"அக்கா இல்ல, மேடம்!"

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இங்கே ஒரே டப்பாவில் உண்டவளே ரெண்டகம் செய்துவிட்டாள் என்று சுலைஹாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்த துறைத் தலைவி லலிதாதான் என்று யாரோ எப்போதோ சொன்னதும் சமயம் பார்த்து ஞாபகம் வந்தது.

"நேத்து நீங்க பேப்பரைக் குடுத்திருக்கீங்க. வீட்டுக்கு வந்து ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. நான் பேப்பர் கட்டையெல்லாம் திருத்தி முடிச்சு எந்திச்சுப் பாத்தா, புள்ள சாப்பிடாமலே தூங்கிட்டா."

லலிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுலைஹா விடவில்லை. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள், காதும் மட்டுதான்.

"மார்க் போடத் தெரியலைன்னு சொல்லித் தப்பிக்காதீங்க. திருத்தத் தொடங்குறதுக்கு முன்னாடி உங்க எல்லாரையும் உக்கார வச்சு, கட்டுல இருந்து கைக்கு வந்த பேப்பர் ஒண்ணைத் திருத்தியே காட்டுனேன்லா? ரோல் நம்பரை மறைச்சு, யாரு எழுத்துன்னுகூடப் பாக்காம, ஸ்க்ரீன்ல போட்டு, வரிக்கு வரி! கீழே நான் எழுதின குறிப்பைப் பாத்து எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களுந்தான் சிரிச்சீங்க."

சொல்லச் சொல்லக் கையிலிருந்த பச்சைப் பேனாவால் மேசையைத் தட்டினாள். பள்ளியில் மற்றவர்களுக்கு எல்லாம் சிவப்பு மை, பச்சை துறைத் தலைவிக்கு மட்டும். அந்தப் பேனா மேல் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சிரிச்சனுங்க," என்றாள் லலிதா மெதுவாக. "அன்னிக்குச் சிரிச்சதை நெனச்சா இப்ப மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க."

"நடிக்காதீங்க. இந்த வருஷம் உங்க வேலை நிரந்தரமாகணும்னா நான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கா? இப்பவே பிரின்சிபால்கிட்ட போறேன். நம்ம பிள்ளைக்கே இப்படிச் செய்யிறவங்க, ஊரான் பிள்ளைக்கு என்ன செய்வீங்களோ!"

லலிதாவின் கண் கலங்கிவிட்டது. வேலை போனால் வீட்டுக் கடனை யார் கட்டுவது என்ற பயம் அதில் தெரிந்தது. டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன்!"

"பாப்பாகிட்ட வாக்குக் குடுத்துட்டனுங்க மேடம். நான் சொல்ல மாட்டேன்."

"ஓ, என் பிள்ளையையும் உங்க பக்கம் சேத்துக்கிட்டீங்களா?"

அப்போது கதவு திறந்தது. ஹுதா சாப்பாட்டுப் பையோடு நின்றாள். உம்மாவின் குரல் வராந்தா வரை கேட்டிருக்க வேண்டும்.

"ஜானே தோ உம்மா, விடுங்க. லலிதா மிஸ்ஸை ஒண்ணும் சொல்லாதீங்க."

"நல்ல நேரத்துல வந்தே. அந்தப் பேப்பர் எங்கே?"

"கிழிச்சிட்டேன்."

"கிழிக்கிற அளவுக்கு அப்படி என்ன எழுதியிருந்துச்சு அதுல? இவங்க மூஞ்சிக்கு முன்னாலயே சொல்லு."

"வேண்டாம் உம்மா."

"சொல்லுன்னு சொல்லுதேன்லா!"

ஹுதா லலிதாவைப் பார்த்தாள். லலிதா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் ஹுதா முடிவுக்கு வந்துவிட்டாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தட்டுத் தடுமாறித் தமிழில் ஒப்பித்தாள்.

"'எல்லாப் பிள்ளைங்களும் எழுதினதைப் படிக்க நேரம் இருக்கு, சொந்தப் பொண்ணுகூடப் பேச மட்டும் நேரம் இல்ல, அப்படி ஒரு அம்மாவா? நம்புற மாதிரி எழுது.'"

மேசையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

ஹுதா அந்தக் கையையே பார்த்தாள்.

"பச்சை இங்க்ல எழுதியிருந்துச்சு, உம்மா."