குறுக்கே விழுந்த கோடுகள்

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைகிறாள் இன்ஜினியர். லேசர் அடங்குகிறது. ஆனால் தாமதம்! பதினாறாகப் பிரிந்த ஒளிக்கதிர், எலும்போடு பொருத்தவேண்டிய பதினாறு டைட்டானியத் தகடுகளையும் ஒரே நேரத்தில் செதுக்கி முடித்திருக்கிறது. ஒன்றை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெயிலில் பக்கவாட்டில் சாய்க்கிறாள். நீலம் மின்ன வேண்டும். வெறும் சாம்பல் நிறம். நெடுக்கே சாய்த்தால்தான் மின்னுகிறது. எலும்பு பற்றி வளர்வதற்காக நெடுக ஓடவேண்டிய, தலைமுடியைவிட மெல்லிய கோடுகள் குறுக்கே கிடக்கின்றன. ஒளி அதிரும் திசையைத் திருப்பிவிடும் வட்டக் கண்ணாடி, தன் வளையத்தில் நாற்பத்தைந்து டிகிரி பிசகி நிற்கிறது. மேனேஜர் உள்ளே பாய்கிறார். "பதினாறும் போச்சா? கண்ணைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்தீங்களா?" கேள்வி, மெஷினை ஓட்டும் ஆபரேட்டருக்கு. "என் தப்புதான் சார், சரிபாக்காம ஓட்டிட்டேன்." "நாளையிலேருந்து இந்த ரூம் பக்கமே வராதீங்க. பேக்கிங்ல போய் அட்டைப்பெட்டி ஒட்டுங்க!" கதவு அறைந்து சாத்தப்படுகிறது. ஆபரேட்டர் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். பத்து வருஷமாக அது பதித்த தழும்பு மூக்கின் இருபுறமும் வெளுத்துத் தெரிகிறது. இன்ஜினியரின் பார்வை தரையைவிட்டு எழவில்லை, காதுமடல் கொதிக்கிறது. "அண்ணே... நான் சார்கிட்ட..." "சும்மா இரும்மா. உனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல." கண்ணாடியின் பட்டையை நிதானமாகச் சுருட்டுகிறார். "மத்தியானம் நீ அந்த வட்டக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினப்ப, டீயைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லதான் நின்னேன்."