சத்தியக் கடதாசி

1997. கனடாவின் ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் புதிதாகத் தொடங்கிய சைவப் பள்ளிக்கூடத்தின் அதிபர் தில்லையம்பலம், அரசாங்கக் கடிதமொன்றைத் தங்கேஸ்வரியிடம் நீட்டினார். பக்கத்தில் மகள் மிதுஷா நின்றாள்.

“பிள்ளையின்ரை தடுப்பூசி அட்டை இல்லையாம். திங்கட்கிழமை தொடக்கம் வகுப்புக்கு விடக்கூடாதாம்.”

“எல்லா ஊசியும் போட்டது, சேர். இடம்பெயரேக்கை அட்டை துலைஞ்சு போச்சுது.”

“அப்ப எங்கட சமயத்திலை ஊசிக்கு இடமில்லை எண்டு ஒரு சத்தியக் கடதாசி குடுங்கோ. இது சைவப் பள்ளிக்கூடம். ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்.”

“எங்கட சமயம் அப்பிடிச் சொல்லேல்லையே, சேர். முதலிலையிருந்து எல்லாத்தையும் போடுவிக்கிறன்.”

“போட்ட ஊசியைத் திரும்பப் போட்டுப் பிள்ளையை நோகடிக்கப் போறியளே? சரி, ஊரிலை ஊசி போட்ட மிட்வைஃப் ஆர்? அவவிட்டைக் கடிதம் எடுப்பம்.”

“அது நான்தான், சேர்.”

அதிபர் நிமிர்ந்து பார்த்தார்.

“பன்ரண்டு வருசம் வேலை செய்தனான். ஷெல்லடிக்குள்ளையும் ஊசிமருந்து ஐஸ் பெட்டியைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு வீடு வீடாய்ப் போனனான்.”

“அப்ப நீங்களே கடிதம் எழுதலாமே!”

“அட்டையில்லாமல் வந்து ‘போட்டாச்சு’ எண்டு சொன்ன தாய்மாரை நான் நம்பினதில்லை. திரும்பப் போட்டுத்தான் விட்டனான்.”

அதிபர் எழுந்து நின்றார்.

“எங்கட பள்ளிக்கூடத்திலையிருந்து ஒரு பொய்க் கடதாசியும் போகாது, அம்மா.”

வெளியே வந்ததும் மிதுஷா தாயின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“கிளினிக்கிலை நேர்ஸிட்டையும் சொல்லுங்கோம்மா, முதல்தரம் போட்டது நீங்கள்தான் எண்டு.”