மண்மேட்டு ஈயம்

மான் வேட்டைக்கு வீட்டிலேயே தோட்டா வார்க்கும் வெர்லினுக்கு, ஈயம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து டயர் கடைகளில் சக்கரம் ஆடாமல் சுழல எடைக்காக மாட்டும் ஈயத் துண்டுகள் போய்த் துத்தநாகம் வந்துவிட்டது. பழைய இரும்புக் கடையிலோ யானை விலை.

"நம்ம மைதானத்துல குறிப்பலகைக்குப் பின்னால இருக்கிற மண்மேட்டுல சுட்ட குண்டெல்லாம் புதைஞ்சு கிடக்கு. தோண்டி எடுத்துக்குங்க, காசெல்லாம் வேணாம்" என்றார் ஐடெல்லா. கணவர் இறந்தபின் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தைத் தனியாக நடத்துபவர்.

மனைவியை இழந்த வெர்லின் சனிக்கிழமை தவறாமல் மண்வெட்டியோடு வந்தார். தோண்டத் தோண்ட ஈயம் கிடைத்தது. ஐடெல்லாவின் கையால் காப்பியும் கிடைத்தது.

ஒருநாள் மண்ணைச் சலித்தவர் திகைத்துப்போனார். "ஐடெல்லா, இங்க பாருங்க! தூண்டில்ல கட்டுற ஈயக் குண்டு! இங்க வந்து மீனையா சுட்டாங்க?"

ஐடெல்லாவின் முகம் சிவந்தது. "மேட்டுல இருந்ததெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு, வெர்லின். அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கி, நான்தான் புதைச்சு வைக்கிறேன். ஈயம் இல்லேன்னா நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க?"

வெர்லின் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அட நீங்க வேற! என் ஆயுசுக்கும் போதுமான ஈயம் வீட்டுல குவிஞ்சு கிடக்கு. பின்னே நான் எதுக்கு வந்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சீங்க?"