முந்நூறு ஜோடி

அந்தத் தொழிற்சாலைக்கு மானியம் கிடைக்க அரசாங்கம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: முந்நூறு பேருக்கு வேலை. சரிபார்க்க வந்த அதிகாரி கோமளவல்லியை மேலாளர் பெனடிக்ட் வராந்தாப் படியிலேயே நிறுத்திவிட்டார்.

“உள்ள தூசு ஆகாது மேடம். வெளிய கெடக்குற செருப்ப எண்ணிக்கோங்க, ஆள் கணக்கு வந்துரும்.”

தன் நீலச் செருப்பைப் படியோரம் கழற்றிவிட்டு வராந்தாவில் ஏறி, வரிசையாகக் கிடந்த செருப்புகளை எண்ணினாள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஜோடி. எல்லாவற்றிலும் சிலந்தி வலை படர்ந்திருந்தது.

“ஒண்ணு கொறையுதே சார். இவங்கல்லாம் எப்ப வெளிய வருவாங்க?”

“ஷிப்ட் இன்னும் முடியலையே மேடம். எதுக்கும் இன்னொரு தடவ எண்ணிப் பாருங்க.”

எண்ணினாள். முந்நூறு சரியாக இருந்தது. வரிசையின் கடைசியில் அவளுடைய நீலச் செருப்பு கிடந்தது. எடுக்கக் குனிந்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அதன் வாரிலும் வலை படர்ந்திருந்தது.