சனிக்கிழமை ஒழுகும் படகு

இந்தச் சனிக்கிழமையும் படகு ஒழுகியது.

மகுடேஸ்வரன் படகுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, மனைவி இந்துமதியிடம் பனியன் துணியைக் காட்டினார். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை.

"இன்னொருக்கா பிரிச்சுத்தான் பாக்கோணும்" என்றார்.

இந்துமதி கறையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடலே இல்லாத திருப்பூரில் சாயப்பட்டறை முதலாளிக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம் போட்ட கையோடு பாருக்குப் போய், ஞாயிறு விடியும்போது வீடு திரும்பிக்கொண்டிருந்த மனுசன் அவர். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கொச்சியிலிருந்து இந்த ஓட்டைப் படகை லாரியில் கொண்டுவந்து பட்டறை வாசலில் கட்டைகள்மேல் நிறுத்தினார். குடி நின்றது. அதற்காக ஒரு கப்பலையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் இந்துமதி வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

படகின் அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளில் இருந்த பழைய வால்வுகள் உப்பில் அரித்துப்போயிருந்தன. அவற்றையும் உள்ளே ஓடும் பைப்புகளையும் மாற்ற வேண்டும். பட்டறை ஃபிட்டர் சுடலை கூட நின்றான். தெற்கத்திக்காரன், அதிகம் பேச மாட்டான்.

ஒழுகலைக் கண்டுபிடிக்கும் முறையும் பட்டறை முறைதான். பைப்புக்குள் சாயத்தண்ணீரை நிரப்பி, வால்வைச் சுற்றி வெள்ளை பனியன் வேஸ்ட் துணியைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது துணியில் நிறம் ஏறியிருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

வாராவாரம் நிறம் ஏறியது. வாராவாரம் பிரித்துப் பூட்டினார்கள். இப்படியே போனால் மனுசன் வெறுத்துப்போய், ஒரு நாள் ஸ்பேனரை வீசிவிட்டு பாருக்கு வண்டியைக் கிளப்பிவிடுவார் என்பதுதான் இந்துமதியின் பயம்.

அடுத்த சனிக்கிழமை, பட்டறையை ஒட்டிய வீட்டின் மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனவள் கீழே எட்டிப் பார்த்தாள். மகுடேஸ்வரன் டீ குடிக்க ஆபீஸ் ரூமுக்குள் போயிருந்தார். சுடலை மட்டும் படகுப் பக்கம் திரும்பி வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, வால்வைச் சுற்றியிருந்த துணியில் சாயத்தை ஊற்றினான்.

இந்துமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேலையை இழுத்தடித்து ஓவர்டைம் பார்க்கிறான். அதற்கு அவள் புருசனின் உயிரா கிடைத்தது?

இறங்கிப் போன வேகத்தில் அந்தத் துணியை உருவிக்கொண்டு, சுடலையையும் கையோடு அழைத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்தாள்.

"ஏனுங்க, உங்க படகு ஒழுகவே இல்லீங்க. இவன்தான் துணியில சாயத்தை ஊத்தறான். என்ற ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். இன்னிக்கே வேலையை விட்டு அனுப்புங்க."

மகுடேஸ்வரன் சுடலையைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதான் மொதலாளி."

ஓவர்டைமுக்காகத்தானே என்று இந்துமதி அதட்டினாள்.

"ஓவர்டைமா? படகு வேலைக்குக் காசு குடுத்தா அவன் வாங்கறதே இல்லை" என்றார் மகுடேஸ்வரன்.

பிறகு அவள் கையிலிருந்த துணியை வாங்கி, துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகும் சாம்பிளைப் பார்ப்பதுபோல டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"நான் பைப்புல ஊத்துனது நேவி ப்ளூ. இது ராயல் ப்ளூ. ஃபிட்டருக்கு எல்லாம் ஒரே நீலந்தான். சாயக்காரனுக்குமா அப்படி? மொதல் வாரமே தெரியும் அம்மிணி."

சுடலை திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"தெரிஞ்சுமா வாராவாரம் பிரிச்சு மாட்டுனீங்க?" என்று கேட்டாள் இந்துமதி.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"படகு வேலை முடிஞ்சுருச்சுன்னா சனிக்கிழமை பொழுதோட நான் எங்க போய் நிப்பேன்னு எனக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரிஞ்சிருக்குது."