எட்டு மணி வகுப்பு

“அஞ்சு டபிள்யூ! அஞ்சும் காலை எட்டு மணி வகுப்பு. படுக்கையை விட்டு எந்திரிக்கத் துப்பில்லாத புள்ளைக்கு எதுக்கு அரசாங்கப் பணம்?” என்று கேட்டபடி நதீன் பதினான்காம் எண் தாளை மேசைமேல் தள்ளினாள்.

வெர்னா டோனட்டைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். “பேச்சைப் பாரு. போன வசந்தத்துல நீ மட்டும் என்னவாம்? புதினா மிட்டாயை வாயில அடக்கிக்கிட்டு, தூங்கி வழிஞ்சுக்கிட்டுத்தானே வருவ?”

“வந்தேன்ல? ஒன்பது மணிக்கு டாண்ணு சீட்டுல இருந்தேன்ல?”

ஒஹையோ ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கல்லூரி அது. உதவித்தொகை நின்றுபோன மாணவர்களின் முறையீடுகளைப் பார்க்க மூன்று பேர் குழு: தலைவர் கேலன், கணக்கு டீச்சர் வெர்னா, பதிவேட்டுப் பிரிவிலிருந்து நதீன். பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துத்தான் தாள்கள் வரும். எண் மட்டுமே தெரியும்.

சேர்ந்த வகுப்புகளில் மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்தால்தான் பணம் தொடரும். பாதியில் விலகி டபிள்யூ வாங்கினால் மதிப்பெண் குறையாதே என்று பிள்ளைகள் நிம்மதியாக விலகிவிடுகிறார்கள். அதுவும் முடிக்காத வகுப்பாகத்தான் எண்ணப்படும் என்பது பணம் நின்ற பிறகே உறைக்கிறது.

“சரி, கடுதாசியையும் கேட்டுடுவோம்” என்று கேலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“‘எங்கள் வீட்டில் ஒருவரைத் தினமும் காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடை மாற்றி, ஏதாவது சாப்பிட வைத்து, ஒன்பது மணிக்குள் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் காலை வகுப்புகளை விட்டேன். மாலை வகுப்புகள் எல்லாவற்றிலும் ஏ வாங்கியிருக்கிறேன்.’”

“ஐயோ பாவம், சின்னக் குழந்தைக்காரி!” வெர்னா டோனட்டைக் கீழே வைத்தாள். “டேகேர்ல கொண்டுபோய் விட்டுட்டு ஓடியாந்திருக்கா. நாம பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டோமே.”

நதீனுக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன. சற்றுமுன் சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ளி விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது. காப்பிக் கோப்பையை எடுத்தவள் குடிக்காமலே கீழே வைத்தாள்.

கேலன் தாளைப் புரட்டிப் பார்த்தார். “ஆதாரம் ஒண்ணையும் காணோமே. ‘ஆதாரம் தர முடியும், ஆனால் தர மாட்டேன். தந்தால் அந்த ஒருவருக்குத்தான் கெடுதல்’னு எழுதியிருக்கு.”

“புரியலையா?” என்றாள் வெர்னா. “சரியா வளர்க்கலைன்னு புள்ளையை அரசாங்கம் பிடுங்கிட்டுப் போயிடுமோன்னு பயம். என் தங்கச்சி இதே பயத்துல ரெண்டு வருஷம் கதவைத் தட்டினாலே திறக்க மாட்டா.”

“கடைசியா ஒண்ணு. ‘ஜூன் மாதத்திலிருந்து அந்த ஒருவர் தானாகவே எழுந்து, தானாகவே கிளம்பிவிடுகிறார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. இனி என் படிப்பு தடைப்படாது.’”

“வளர்ந்துடுச்சு பாருங்க!” என்றாள் வெர்னா.

நதீன் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை காலை வகுப்புகளை இழந்துவிட்டு எழுதிய கடிதத்தில் அந்த ஒருவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் இல்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

“என்ன நதீன், முகமே சரியில்லையே?” என்று கேட்டாள் வெர்னா.

“ஒண்ணுமில்ல.”

கேலன் பேனாவை எடுத்தார். “பாவம்தான். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. விஷயம் தெரிஞ்சவங்க யாராவது எழுத்துல உறுதி சொல்லணும். நாலு மணியோட கெடு முடியுது. தள்ளுபடின்னு எழுதிடவா?”

“வேற வழி?” என்று வெர்னா மனசில்லாமல் கையைத் தூக்கினாள். கேலனும் தூக்கினார்.

மூன்றில் இரண்டு கை போதும். நதீன் மட்டும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. வாயைத் திறந்தால்தான் அந்தப் பெண் இலையுதிர் பருவத்தில் வகுப்பில் உட்கார முடியும். திறந்தால், தினமும் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் வெர்னாவும், வருஷா வருஷம் அவள் வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போடும் கேலனும் அப்புறம் அவளை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்?

பேனா தாளைத் தொடப்போனது.

“இருங்க கேலன்.” நதீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “உறுதிக் கடுதாசி நான் எழுதித் தரேன். அந்த வீட்டை எனக்குத் தெரியும். காலையில வகுப்பே கிடையாதுன்னு வீட்டுல பொய் சொல்லியிருக்கா அவ.”

“அட, தெரியுமா? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!” வெர்னாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அந்தக் குழந்தையையும் பார்த்திருக்கியா?”

நதீன் நிமிரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“குழந்தை இல்ல வெர்னா. குடிச்சுட்டுக் கிடந்த என்னைத்தான் எம் பொண்ணு எழுப்பிக் கூட்டிட்டு வந்தா.”